ஆம்பர் விளக்கின் கீழ் அன்னம்: பறவைகளின் தூக்கம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் தெருவில் மஞ்சள் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி மாட்டிய மாதத்தில்தான் எதிர்வீட்டு ஏசி பெட்டியின் மேல் அடையும் மாடப்புறாக்களைக் கவனிக்கத் தொடங்கினேன். இரவு பதினொரு மணிக்கும் தலையைத் தூக்குவதும், இடம் மாறுவதும், பக்கத்துப் புறாவை நெட்டித் தள்ளுவதுமாக இருந்தன. வெள்ளை விளக்கு வந்து அவற்றின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது என்று உடனே முடிவுகட்டத் தோன்றியது. கொஞ்சம் யோசித்தபோது அது நியாயமில்லை என்று பட்டது. அதற்கு முன்பு அந்தப் புறாக்களை இரவில் நான் பார்த்ததே இல்லை. வெளிச்சம் வந்ததால்தான் அவை என் கண்ணுக்குத் தெரிந்தன. இருட்டில் எப்படித் தூங்கின என்று தெரியாமல் வெளிச்சத்தில் எவ்வளவு தூக்கம் இழந்தன என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சிக்கலை முறையாக அவிழ்க்கப் பார்த்த ஓர் ஆய்வாளரின் வேலைதான் இந்தக் கட்டுரை. ஆன் ஆல்ஸ்புரூக், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் முனைவர் பட்டத்துக்காகச் செயற்கை ஒளியையும் பறவைத் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டார். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் தெரேசா ஜோன்ஸ், ரவூல் மல்டர், லா ட்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜான் லெஸ்க்கு ஆகியோர் உடனிருந்தார்கள். அந்த வேலையிலிருந்து 2020-ல் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளியாயின. ஒன்று புறாவையும், கருப்பும் வெள்ளையுமான பாடும் பறவை ஆஸ்திரேலிய மேக்பையையும் பற்றியது, மற்றொன்று கருப்பு அன்னத்தைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், வெள்ளை விளக்குக்குப் பதில் ஆம்பர், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சள் விளக்கு என்று நகரங்கள் இன்று நம்பிக்கையோடு கையிலெடுக்கும் ஒரு தீர்வு எவ்வளவு தூரம் தாங்கும் என்பது தெரிகிறது.

நிறத்தை மாற்றினால் போதுமா?

அந்தத் தீர்வு மனிதர்களிடமிருந்து வந்தது. நம் கண்ணின் விழித்திரையில், பார்வைக்கு உதவும் செல்களைத் தவிர, பகலா இரவா என்று மட்டும் உடலுக்குச் சொல்லும் செல்களும் உண்டு. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கே அதிகம் அசையும். இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன் மெலடோனின். இரவில் நீல ஒளி பட்டால் அது சுரப்பது குறையும், உடல் இன்னும் பகல் முடியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். செல்போன்களில் மாலையானதும் திரை மஞ்சளாக மாறும் வசதி இந்த அறிவை வைத்துத்தான் வந்தது.

வெள்ளை எல்இடி பார்க்க வெள்ளையாக இருந்தாலும் அதன் உள்ளே இருப்பது நீல விளக்கு. 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு, இரண்டும் கலந்து வெள்ளை. மின்சாரம் மிச்சமாகிறது என்பதால் உலகமெங்கும் நகரங்கள் இதற்கு மாறின. இந்தியாவிலும் 2015-ல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் 1 கோடிக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் எல்இடியாயின. பழைய சோடியம் விளக்கின் மஞ்சளில் நீலம் மிகக் குறைவு. அது போனதும் இரவில் நீல ஒளி கூடியது. அதனால்தான் காட்டுயிர் ஆர்வலர்கள் நீலம் வடிகட்டிய ஆம்பர் எல்இடிகளைப் போடச் சொன்னார்கள். மனிதனின் தூக்கத்துக்கு நல்லது என்றால் பறவையின் தூக்கத்துக்கும் நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்பது எண்ணம்.

ஆல்ஸ்புரூக் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஆம்பருக்கு மாறினால் பறவை உண்மையில் நன்றாகத் தூங்குகிறதா?

கண்ணை மூடினால் தூக்கமா?

பறவையின் தூக்கத்தை வெளியிலிருந்து பார்த்து அளப்பது கடினம். மனிதனைப் போல் பறவைக்கும் இரு வகைத் தூக்கம் உண்டு: மூளை அலைகள் மெதுவாகவும் உயரமாகவும் எழும் நான்-ரெம் தூக்கம், கண் அசையும் ரெம் தூக்கம். ஆனால் பறவையின் ரெம் தூக்கம் பெரும்பாலும் 10 நொடிக்கும் குறைவான துணுக்குகளாக வந்து போகும். போதாததற்கு, பறவையால் மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவைத்து, ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கவும் முடியும். நீல்ஸ் ராட்டன்போர்க் குழு 1999-ல் மல்லார்ட் வாத்துகளை வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தபோது, வரிசையின் ஓரத்தில் இருந்தவை இந்த அரைமூளைத் தூக்கத்தை அதிகம் நாடின. திறந்திருந்த கண் கூட்டத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. ‘கோழித் தூக்கம்’ என்று நாம் சொல்வது நம் பாட்டிமார்களின் வெறும் கேலியில்லை. அரைக்கண் மூடிய கோழியை நெடுநாள் பார்த்தவர்களின் சொல் அது.

ஆக, அசையாமல் நிற்கும் பறவை விழித்திருக்கலாம், கண் திறந்திருக்கும் பறவை பாதி தூங்கிக்கொண்டிருக்கலாம். மூளையைத்தான் கேட்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து, மூளையின் மேற்பரப்பில் மின்முனைகளை வைத்து, தலையில் பொருத்திய சின்னஞ்சிறு பதிவுக் கருவியில் மூளை அலைகளைச் சேமிப்பது இங்கே கையாண்ட முறை. இப்படிப்பட்ட கருவிகளை உருவாக்கியவர் சூரிச்சைச் சேர்ந்த அலெக்சி விசோட்ஸ்கி. இரண்டு கட்டுரைகளிலும் அவர் பெயரும் உண்டு. இதே வகைக் கருவியை வைத்துத்தான், கடற்கொள்ளைப் பறவைகள் கடலுக்கு மேல் பறந்தபடியே நாளைக்குச் சுமார் 42 நிமிடம் மட்டும் தூங்கும் என்று 2016-ல் ராட்டன்போர்க் குழு காட்டியது. கம்பி இழுக்காமல், பறவை தன் போக்கில் இருக்கும்போதே அதன் தூக்கத்தைப் படிக்க முடிவது பெரிய காரியம்.

இந்தத் துறையில் இதற்கு முன் நடந்த நல்ல வேலை ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் தாமஸ் ராப் குழு 2015-ல், நம் ஊர்ப் பட்டாணிக் குருவியின் நெருங்கிய உறவான கிரேட் டிட் பறவைகளின் கூட்டுப்பெட்டிகளுக்குள் சிறு எல்இடி விளக்கு வைத்துப் படம்பிடித்தது. பறவைகள் சீக்கிரமே விழித்தன, தூக்கம் சுமார் 5 சதவீதம் குறைந்தது, காலையில் முன்கூட்டியே பெட்டியை விட்டு வெளியேறின. சுதந்திரமாக வாழும் உயிரினத்தின் தூக்கத்தை ஒளிமாசு கெடுக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று அது. ஆனாலும் அங்கே பார்த்தது நடத்தையைத்தான். மூளைக்குள் அந்தத் தூக்கம் எப்படி இருந்தது என்பது அடுத்து வந்தவர்களுக்காகக் காத்திருந்தது.

புறாவும் மேக்பையும்

முதல் கட்டுரை ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வந்தது. வளர்ப்புப் புறாக்களையும், காட்டிலிருந்து பிடித்த ஆஸ்திரேலிய மேக்பைகளையும் நகரத் தெருவில் இருக்கும் அளவு வெளிச்சத்தில் இரவைக் கழிக்கவைத்தார்கள். ஓர் இரவு வெள்ளை, ஓர் இரவு ஆம்பர், ஒப்பிட்டுப் பார்க்க விளக்கணைத்த இரவுகள். நான் என் தெருப் புறாக்களிடம் தவறவிட்டது இந்தக் கடைசி வரிதான்: அதே பறவை இருட்டில் எப்படித் தூங்கியது என்ற கணக்கு.

வெளிச்சத்தில் இரண்டு இனங்களுமே குறைவாகத் தூங்கின. தூங்கிய தூக்கமும் துண்டு துண்டாக உடைந்தது. நான்-ரெம் தூக்கத்தின் ஆழம் குறைந்தது, அதாவது மெதுவான பெரிய அலைகள் வலுவிழந்தன. கிடைத்த தூக்கத்திலும் ரெம் பங்கு சுருங்கி, நான்-ரெம் பங்கு கூடியது. ரெம் தூக்கத்தில் தசை தளரும், கழுத்து தொங்கும். வெளிச்சமான, மறைவில்லாத இடத்தில் அப்படி அயர்ந்துவிடப் பறவை தயங்குகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். இது என் வாசிப்பு. அளவீடு சொல்வது பங்கு மாறியது என்பதை மட்டுமே.

இனி நிறம். மேக்பைக்கு ஆம்பர் உதவியது. வெள்ளை விளக்கைவிட ஆம்பரின் கீழ் அதன் தூக்கம் குறைவாகவே பாதிக்கப்பட்டது. புறாவுக்கு அந்த வேறுபாடே இல்லை. வெள்ளை எவ்வளவு கெடுத்ததோ, ஆம்பரும் ஏறக்குறைய அவ்வளவே கெடுத்தது.

சென்னையிலும் மதுரையிலும் பால்கனியில் அடையும் மாடப்புறாவும் ஆய்வுக்கூடத்தில் இருந்த வளர்ப்புப் புறாவும் ஒரே இனம். ஆகவே இந்த முடிவு நமக்குத் தொலைதூரச் செய்தி கிடையாது.

அன்னங்கள்

நம் இலக்கிய அன்னம் வெள்ளையானது, பாலையும் நீரையும் பிரிக்கும். ஆஸ்திரேலிய அன்னமோ அலகு சிவந்து, உடல் பெரும்பாலும் கருப்பு. மெல்பர்ன் நகர ஏரிகளில் சாதாரணமாகத் திரியும் பறவை இது. ரவூல் மல்டர் குழு கழுத்துப்பட்டை மாட்டிப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்த பறவையும்கூட. நகர வெளிச்சத்திலேயே பிறந்து வளர்ந்த உயிருக்கு அந்த வெளிச்சம் பழகிப்போயிருக்குமா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

இந்தச் சோதனை திறந்தவெளியில், இயற்கையான சூழலில் நடந்தது. நகர அன்னங்களுக்கு வெள்ளைத் தெருவிளக்கு 20 முழு இரவுகள், ஆம்பர் தெருவிளக்கு 20 முழு இரவுகள். உடல் அசைவைப் பதியும் ஆக்சிலரோமீட்டர் கருவி ஓய்வை அளந்தது. சில அன்னங்களின் மூளை அலைகளும் பதிவாயின. இரத்தத்தில் மெலடோனின் அளவையும் பார்த்தார்கள்.

ஆம்பரின் கீழ் அன்னங்கள் அதிகம் ஓய்வெடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. வெள்ளையிலும் ஆம்பரிலும் இரவு ஓய்வு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இன்னும் வியப்பு, இருட்டோடு ஒப்பிட்டபோது ஓய்வு குறைந்தது ஆம்பரின் கீழ்தான். இனிய விளக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததன் கீழ் அன்னம் விழித்திருந்தது. தங்கள் கணிப்புக்கு மாறாக முடிவு வந்தது என்பதை ஆய்வாளர்கள் கட்டுரையின் சுருக்கத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே இந்த வேலையை நான் மதிக்கிறேன். ஆம்பர் விளக்கு விற்கவும் வாங்கவும் ஆட்கள் தயாராக நிற்கும் காலத்தில் இப்படி ஒரு முடிவை முன்னால் வைப்பதற்குத் துணிவு வேண்டும்.

மூளைப் பதிவு வேறொரு உதவியும் செய்தது. ஓய்வெடுக்கும் அன்னம் அநேகமாக எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது என்று அது உறுதிப்படுத்தியது. ஆகவே இரவு ஓய்வு குறைந்தது என்றால் இரவுத் தூக்கம் குறைந்தது என்றே கொள்ளலாம். பெரிய பறவைக் கூட்டங்களை இனி ஆராய்பவர்கள் ஒவ்வொன்றின் தலையிலும் மின்முனை வைக்காமல் அசைவுக் கருவியை நம்பலாம் என்ற வழியையும் இது திறக்கிறது. பறவைக்கும் அது நிம்மதி.

ஆனால் இரண்டு விஷயங்கள் கதையைச் சிக்கலாக்குகின்றன. 24 மணி நேரத்தின் மொத்த ஓய்வில் மாற்றம் தெரியவில்லை. மெலடோனினிலும் மாற்றம் தெரியவில்லை. இரவில் விட்டதை அன்னங்கள் பகலில் பிடித்துக்கொண்டன என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது. பகலில் பிடித்த தூக்கம் இரவில் விட்டதற்கு ஈடாகுமா என்பதை ஓய்வின் மணிக்கணக்கு சொல்லாது. நம் வீடுகளில் இரவுப் பணி முடித்து வந்து பகலில் படுக்கும் யாரையாவது கேட்டால், மணிக்கணக்கு சரியாகத்தான் இருந்தது, தூங்கின மாதிரி இல்லை என்பார்கள். அன்னத்துக்கும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. கேட்கப்பட வேண்டிய கேள்வி அது.

ஆம்பர் ஏன் கைகொடுக்கவில்லை?

நம் கண்ணை வைத்துப் பறவையைக் கணித்ததில் முதல் பிசகு. பாலூட்டிகளின் உடல், ஒளியைக் கண் வழியாக மட்டுமே அறிகிறது. பறவைக்கு அப்படியில்லை. மெலடோனினைச் சுரக்கும் அதன் பீனியல் சுரப்பியே ஒளியை நேரடியாக உணரும். மூளையின் ஆழத்திலும் ஒளியுணர் செல்கள் உண்டு. மெல்லிய மண்டையோட்டைத் துளைத்து வரும் வெளிச்சம் அவற்றைத் தொடுகிறது. திசுக்களுக்குள் நீல ஒளி சீக்கிரம் மங்கிவிடும், நீண்ட அலைநீளமுள்ள சிவப்புப் பக்க ஒளியே ஆழம் வரை போகும். மனிதனின் தூக்கத்துக்கு இணக்கமான நிறம் பறவையின் தலைக்குள் வேறு கணக்காகலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் எளிது என்று நினைக்கிறேன். வெளிச்சம் இருந்தால் கண் தெரியும். கண் தெரிந்தால் மேயலாம், சண்டை போடலாம், எதிரி வருகிறதா என்று பார்க்கலாம். மெலடோனின் மாறாமலேயே அன்னத்தின் இரவு மாறியது இந்தப் பக்கம்தான் கைகாட்டுகிறது. உடல் கடிகாரம் குழம்பாமலே, விழித்திருப்பதற்குக் காரணம் கிடைத்ததால் பறவை விழித்திருக்கக் கூடும். அப்படியென்றால் நிறத்தை மாற்றிப் பயனில்லை. ஆம்பரிலும் புல் தெரியும்.

இயற்கையே இதற்குச் சாட்சி தருகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகக் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பியச் சோளப்பட்சிகள் முழுநிலவு இரவுகளில் சுமார் 2 மணி நேரம் குறைவாகத் தூங்கின. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். முழுநிலவின் வெளிச்சம் 0.3 லக்ஸைத் தாண்டுவது அரிது. தெருவிளக்கின் நேர்கீழே 10 லக்ஸ், 20 லக்ஸ் என்று இருக்கும். மாதத்தில் சில நாள் வந்துபோகும் பௌர்ணமிக்கே இப்படி என்றால், அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் வருடம் முழுவதும் தேயாமல் நின்றால் என்னவாகும் என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஜெர்மனியில் டேவிடே டொமினோனி, கரும்பறவை ஆண்களை இரவில் வெறும் 0.3 லக்ஸ் வெளிச்சத்தில் வைத்திருந்தபோது அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்பாகவே வளர்ந்தன. இரவில் விளக்கு வெளிச்சம் தொடர்ந்த இரண்டாம் ஆண்டில் அந்த வளர்ச்சியே ஏற்படவில்லை.

தூக்கம் குறைந்தால் பறவைக்கு என்ன நஷ்டம்?

இதில் அவசரப்படக் கூடாது என்று சொல்லும் ஆய்வும் ஜான் லெஸ்க்குவிடமிருந்தே வந்திருக்கிறது. அலாஸ்காவின் வடகோடியில் கோடைக்காலத்தில் சூரியன் மறைவதில்லை. அங்கே இனப்பெருக்கம் செய்யும் பெக்டோரல் உள்ளான் என்ற கரைப்பறவையின் ஆண்கள் வாரக்கணக்கில் மிகக் குறைவாகத் தூங்குகின்றன. 2012-ல் வெளியான அந்த ஆய்வில், எந்த ஆண் குறைவாகத் தூங்கியதோ அதற்கே அதிகக் குஞ்சுகள். தூக்கம் குறைவதெல்லாம் கேடு என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. அது பருவத்துக்கு ஏற்ப, லாபத்துக்காக, பறவை தானே விட்டுக்கொடுத்த தூக்கம். தெருவிளக்கு பறவையைக் கேட்டுக்கொண்டு எரிவதில்லை.

கேட்காமல் பறிக்கப்பட்ட தூக்கம் என்ன செய்யும் என்பதற்கு மேக்பைகளிடம் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. லெஸ்க்குவின் குழு 2022-ல் வெளியிட்ட சோதனை அது. மேக்பைகளை ஓர் இரவு முழுவதும், அதாவது 12 மணி நேரம், தூங்கவிடாமல் வைத்தார்கள். வேறு முறை பாதி இரவு. மறுநாள் முன்பு கற்றதை மாற்றிக் கற்கும் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். தூக்கமிழந்த பறவைகள் பயிற்சியைத் தொடவே தாமதித்தன, பல முடிக்கவில்லை, முடித்தவையும் நன்றாகத் தூங்கியவற்றைவிட மோசமாகச் செய்தன. பாட்டும் மாறியது. எண்ணிக்கை குறைந்து நீளம் கூடியது. அந்தியிலும் விடியலிலும் பாடவேண்டியதை நடுப்பகலுக்குத் தள்ளிப்போட்டன. அங்கே தூக்கத்தைக் கெடுத்தது விளக்கு கிடையாது, ஆட்களே கெடுத்தார்கள். ஆகவே இதை அப்படியே தெருவிளக்கின் கணக்கில் எழுதக் கூடாது. ஆனாலும் மேக்பையின் பாட்டு அதன் எல்லையின் வேலி. கூட்டமாக நின்று பாடித்தான் இது எங்கள் இடம் என்று அறிவிக்கும். வேலி நேரம் தவறினால் அதற்கு விலை உண்டு.

தெருவுக்கு வருவோம்

இந்த நிகழ்விலிருந்து ஊராட்சியும் மாநகராட்சியும் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஆம்பர் வேண்டாம் என்பதை அல்ல. மேக்பைக்கு அது உதவியது. பூச்சிகளும் நீலம் கலந்த வெளிச்சத்தையே பெரும்பாலும் அதிகம் நாடி வந்து மொய்க்கின்றன. ஆனால் ஆம்பர் போட்டாயிற்று, கடமை முடிந்தது என்று கோப்பை மூடிவிட முடியாது. புறா, மேக்பை, அன்னம் என்ற மூன்றுக்கும் இருட்டோடுதான் ஒப்பீடு நடந்தது. விளக்கில்லாத இரவில்தான் புறாவும் மேக்பையும் கூடுதலாகவும் ஆழமாகவும் தூங்கின. எனவே எந்த நிறம் என்று கேட்பதற்கு முன்னால் எங்கே, எவ்வளவு, எத்தனை மணி வரை என்று கேட்க வேண்டும். விளக்கின் தலையில் மூடி இருந்தால் வெளிச்சம் சாலையில் மட்டும் விழும், மரக்கிளைக்கு ஏறாது. நள்ளிரவுக்குப் பிறகு பாதியாகக் குறைக்க எல்இடியில் முடியும், பழைய சோடியம் விளக்கில் அது அவ்வளவு சுலபமில்லை. எல்இடி கொடுத்த இந்த வசதியைத்தான் நாம் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை. ஏரிக்கரையிலும் கொக்குகள் அடையும் மரங்களின் கீழும் அலங்கார விளக்குகள் தேவையே இல்லை என்பது என் கருத்து.

இருட்டு வந்தால் ஜனங்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பார்கள். பெண்களும் முதியவர்களும் நடக்கும் பாதையில் விளக்கு அவசியம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அன்னக் கட்டுரை வெளியான அதே 2020-ல், சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. சுவிட்சைப் போட்டால் கூடு கலையும் என்பதற்காக, குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை ஒரு மாதத்துக்கும் மேல் அந்த ஊர் தெருவிளக்கே இல்லாமல் இருந்தது. அங்கே காத்தது கூட்டை, தூக்கத்தை அல்ல. ஆனாலும் ஊர் கூடிப் பேசினால் சம்மதம் கிடைக்கும் என்பதற்கு அது போதுமான அத்தாட்சி.

எங்கள் தெருவில் இருட்டைக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. எதிர்வீட்டு ஏசி பெட்டிக்கு நேராக இருக்கும் கம்பத்தில் விளக்கின் பின்பக்கம் ஒரு தகரத் தடுப்பு, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு குடியிருப்போர் கூட்டத்தில் அதைக் கேட்கப்போகிறேன். அதற்கு முன்னால், அடுத்த முறை மின்தடை வரும் இரவில், ஒரு மங்கிய சிவப்பு டார்ச்சைச் சில நொடி மட்டும் காட்டி, அந்தப் புறாக்கள் இருட்டில் எப்படி இருக்கின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.